பார்ப்பவரை வாங்க வைக்கும் இணைய தளம்

"வெப்சைட் ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிவிட்டது சார். தினமும் நாற்பது, ஐம்பது பேர் வந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஒரு ஆர்டர் கூட வரவில்லை. இதற்குச் செலவு செய்த பணத்தில் இன்னொரு தறி போட்டிருக்கலாம்."

பவானியில் ஜமுக்காளம் நெய்து விற்பனை செய்திடும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு இப்படி வருத்தப்பட்டார். உங்களில் சிலருக்கும் இந்த அனுபவம் இருக்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, வீட்டிலிருந்தே பொருள் விற்கலாம் என்று இணைய தளம் ஒன்றை அமைத்திருப்பீர்கள். பார்வையாளர்கள் வருகிறார்கள்; பார்க்கிறார்கள்; போய்விடுகிறார்கள். ஏன்?

நண்பரிடம், "நானே உங்கள் தளத்தில் ஒரு ஜமுக்காளம் வாங்கிப் பார்க்கிறேன்" என்று கூறி, அவர் எதிரிலேயே என் மொபைல் போனில் தளத்தைத் திறந்தேன். முதலில் ஒரு பெரிய குத்துவிளக்குப் படம் மெதுவாக இறங்கியது. அதற்குக் கீழே நிறுவனத்தின் வரலாறு. நான்காவது மெனுவில்தான் ஜமுக்காளங்கள் இருந்தன. படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எதிலும் விலை இல்லை. "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும் இருந்தது. தொடர்பு கொள்வதற்கான படிவத்தில் பெயர், முகவரி, பின்கோடு என ஒன்பது கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினேன். "இது யாருக்குப் போகும்?" என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை.

தளத்தை அமைத்துத் தந்தவருக்குப் போன் செய்து, அந்த இமெயில் முகவரிக்கான பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கித் திறந்தோம். பிரிக்கப்படாமல் பதினொரு கடிதங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பன்னிரண்டு ஜமுக்காளங்கள் வேண்டும் என்று கேட்டு வந்தது. அதில் குறிப்பிட்டிருந்த முகூர்த்த நாள் முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நண்பர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

ஆக, ஆர்டர் வராமல் இல்லை. வந்தவர்களுக்கு வாங்கும் வழி இல்லை. இந்த வழியை எப்படிச் சரி செய்வது என்பதை இங்கு பார்க்கலாம். தளத்தை நீங்களே அமைத்திருந்தாலும், மற்றவரிடம் பணம் கொடுத்து அமைத்திருந்தாலும் இவை பொருந்தும்.

கடையும் தளமும்

ஒரு கடைக்கு வருபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பார். "என்ன விலை? சாயம் போகுமா? எத்தனை பேர் உட்காரலாம்? பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்பார். கடைக்காரர் பதில் சொல்வார். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பின்னரே பர்ஸ் வெளியே வரும்.

இணைய தளத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. பதில் கிடைக்காத ஒவ்வொரு கேள்வியும் ஒரு சந்தேகமாக நிற்கும். சந்தேகம் வந்தவர் உங்களிடம் சண்டை போடமாட்டார். சத்தமில்லாமல் அடுத்த தளத்திற்குப் போய்விடுவார். எனவே, நன்றாக விற்கும் தளம் என்பது அழகான தளம் அல்ல. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னரே பதில் சொல்லும் தளம். கீழே தரப்படும் அனைத்தும் இந்த ஒரு கருத்தின் விளக்கமே.

1. முதல் பக்கம் சொல்ல வேண்டியவை

ஹோம் பேஜ் எனப்படும் முதல் பக்கத்தைத் திறந்தவுடன், கீழே நகர்த்தாமலேயே மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இங்கு என்ன விற்கிறார்கள்? எந்த ஊர்க்காரர்கள்? வாங்க எங்கே கிளிக் செய்ய வேண்டும்? "எங்கள் தளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரி இவற்றில் எதற்கும் பதில் இல்லை. "பவானி கைத்தறி ஜமுக்காளங்கள், நெய்பவரிடமிருந்து நேரடியாக" என்ற ஒரே வரி இரண்டு கேள்விகளுக்குப் பதில் தந்துவிடுகிறது. அதன் கீழே "ஜமுக்காளங்களைப் பார்க்க" என ஒரு பட்டன் இருந்தால் மூன்றாவதும் முடிந்தது.

நிறுவனத்தின் வரலாறு, உரிமையாளர் படம், வாங்கிய விருதுகள் ஆகியவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குத் தனிப் பக்கம் வைத்திடலாம்.

2. பொருளுக்கான பக்கம்

விற்பனை நடைபெறும் இடம் இதுதான். எனவே அதிக நேரம் இங்கு செலவழியுங்கள். நண்பரின் தளத்தில் ஒரு ஜமுக்காளத்தின் கீழ் இப்படி எழுதப்பட்டிருந்தது: "உயர்ந்த தரம், கண்ணைக் கவரும் வண்ணங்கள், நியாயமான விலை." எந்த ஊரில் எந்தப் பொருளை விற்பவரும் இதை எழுத முடியும். வாங்குபவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை.

அதை இப்படி மாற்றினோம்: "6 அடி அகலம், 9 அடி நீளம். பத்து பேர் தாராளமாக உட்காரலாம். பருத்தி நூல், கைத்தறியில் நெய்தது. முதல் இரண்டு சலவைகளில் லேசாகச் சாயம் விடும், தனியாகத் துவைக்கவும். மடித்தால் பீரோவின் கீழ்த்தட்டில் அடங்கும்."

சாயம் விடும் என்று நாமே எழுதலாமா என நண்பர் தயங்கினார். கடையில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். உண்மையைத்தான் சொல்வேன் என்றார். அதையே தளத்திலும் சொல்ல வேண்டும். ஒரு குறையை நேர்மையாகச் சொல்பவர் கூறும் மற்றவற்றையும் வாடிக்கையாளர் நம்புவார். பொருள் கைக்கு வந்த பின்னர் ஏமாந்துவிட்டோம் என்று திருப்பி அனுப்பும் செலவும் உங்களுக்கு மிச்சம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லையா? ஒரு வாரம் உங்களுக்கு வரும் போன் அழைப்புகளையும், கடையில் கேட்கப்படும் கேள்விகளையும் நோட்டில் எழுதி வாருங்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களே உங்கள் பொருளுக்கான பக்கம்.

3. படங்களும் வேகமும்

இணைய வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய பாடம் உண்டு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, 1999 நவம்பரில் பூ டாட் காம் என்ற ஆடை விற்பனைத் தளம் பெரும் விளம்பரத்துடன் துவக்கப்பட்டது. உடைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வசதி, பேசி வழிகாட்டும் ஒரு கார்ட்டூன் பெண் என எல்லாம் இருந்தன. ஆனால் அன்றைக்கு வீடுகளில் இருந்தது டயல்-அப் மோடம் இணைப்பு. பக்கங்கள் திறப்பதற்குள் வாடிக்கையாளர்கள் பொறுமை இழந்தனர். பத்து கோடி டாலருக்கும் மேல் செலவழித்த அந்த நிறுவனம் 2000 மே மாதம் மூடப்பட்டது. கட்டுக்கடங்காத செலவு உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் திறக்காத கதவின் பின்னால் எவ்வளவு நல்ல கடை இருந்தும் பயனில்லை என்பதற்கு இன்றும் இதனையே உதாரணமாகக் கூறுகின்றனர்.

இன்று இணைப்பு வேகமாகிவிட்டதே என்று எண்ண வேண்டாம். படங்களும் பெரிதாகிவிட்டன. மொபைல் போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 மெகாபைட் அளவில் இருக்கலாம். பத்து போட்டோக்களை அப்படியே தளத்தில் போட்டால் 40 மெகாபைட். சிக்னல் சரியில்லாத இடத்தில் விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பக்கம் முழுமையாக இறங்க 160 விநாடிகள், அதாவது இரண்டரை நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு படத்தையும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் ஒன்றரை மெகாபைட்தான். ஆறே விநாடிகளில் இறங்கிவிடும்.

படத்தைச் சுருக்க விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் சிஸ்டத்துடன் வரும் பெயிண்ட் புரோகிராமே போதும். படத்தைப் பெயிண்டில் திறக்கவும். மேலே உள்ள ரீசைஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் சிறிய விண்டோவில் பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலத்திற்கு 1000 என டைப் செய்திடவும். உயரம் தானாகவே மாறும். ஓகே கிளிக் செய்து, சேவ் அஸ் மூலம் வேறு பெயரில் ஜேபெக் பைலாகச் சேமிக்கவும். ஒரிஜினல் படத்தை அழித்துவிடாதீர்கள். அது பின்னர் தேவைப்படலாம்.

படங்களில் ஒன்றாவது பொருளைப் பயன்படுத்தும் நிலையில் இருக்கட்டும். விரித்த ஜமுக்காளத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் படம், அளவை எண்களை விட எளிதாகப் புரிய வைக்கும். இன்னொரு படம் நெசவின் நெருக்கத்தை அருகில் காட்டட்டும்.

4. விலையை மறைக்காதீர்கள்

"விலையைப் போட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார்" என்று பலர் அஞ்சுகின்றனர். போட்டியாளர் உங்கள் கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டாலே தெரிந்துவிடும். விலை தெரியாமல் போய்விடுபவர் வாடிக்கையாளர்தான்.

விலையைப் போலவே முக்கியமானது, அனுப்பும் செலவு. இணையக் கடைகளில் பொருளைக் கூடையில் போட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் பணம் செலுத்தாமலேயே வெளியேறுகின்றனர். இது டென்மார்க்கில் உள்ள பேமார்ட் என்னும் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் சராசரி. இவர்களில் பலர் சும்மா விலை பார்க்க வந்தவர்கள். மற்றவர்கள் வெளியேறுவதற்கு அதிகம் கூறும் காரணம், கடைசியில் வந்து சேரும் கூடுதல் செலவு. 900 ரூபாய் என்று நினைத்து வந்தவருக்குக் கடைசிப் பக்கத்தில் 1,080 என்று காட்டினால் கோபம் வருவது இயற்கை. "தமிழ்நாட்டிற்குள் கூரியர் செலவு இவ்வளவு, வெளி மாநிலங்களுக்கு இவ்வளவு, எத்தனை நாட்களில் வந்து சேரும்" என்பதைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

5. வாசலில் படிவம் நீட்டாதீர்கள்

முப்பது கோடி டாலர் பட்டன் என்று ஒரு புகழ் பெற்ற நிகழ்வு உண்டு. ஜேரட் ஸ்பூல் என்னும் அமெரிக்க வல்லுநர் 2009ல் இதனை எழுதினார். பெரிய இணையக் கடை ஒன்றில், பொருட்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டச் செல்பவருக்கு முதலில் ஒரு படிவம் வரும். பழைய வாடிக்கையாளர் என்றால் இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தர வேண்டும். புதியவர் என்றால் பதிவு செய்திட வேண்டும். நல்ல ஏற்பாடு என்றே கடைக்காரர்கள் எண்ணினர்.

வாங்குபவர்களை அருகில் அமர்ந்து கவனித்தபோதுதான் உண்மை தெரிந்தது. புதியவர்கள், ஒரு பொருள் வாங்க எதற்குப் பதிவு என்று எரிச்சலடைந்தனர். பழையவர்களுக்கோ பாஸ்வேர்ட் நினைவில்லை. ஒரு நாளில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் வரை மறந்த பாஸ்வேர்டைக் கேட்டனர். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாங்காமலேயே போய்விட்டனர்.

தீர்வு மிக எளிது. பதிவு செய்க என்ற பட்டனை எடுத்துவிட்டு, தொடர்க என்ற பட்டனை வைத்தனர். பொருள் வாங்கக் கணக்குத் தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு சிறு குறிப்பும் தந்தனர். வாங்கி முடிப்பவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் அதிகரித்தது.

நமக்கு இதில் கோடிகள் இல்லாவிட்டாலும் பாடம் ஒன்றுதான். பொருளை அனுப்பப் பெயர், முகவரி, மொபைல் எண் போதும். பிறந்த நாள், தொழில், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் போன்றவற்றை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, "இது இல்லாமல் பார்சல் போகாதா?" என்று கேளுங்கள். போகும் என்றால் அந்தக் கட்டம் தேவையில்லை.

6. நம்பிக்கை தரும் அடையாளங்கள்

முன்பின் தெரியாத தளத்தில் பணம் கட்ட யாருமே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கச் சில வழிகள்:

* தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் எனத் துவங்க வேண்டும். அனுப்பும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றித் தரும் முறை இது. இல்லாத தளங்களை, 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர் பாதுகாப்பற்றது என்று அட்ரஸ் பாரிலேயே காட்டி வருகிறது. இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது. தளத்திற்கு இடம் தந்த நிறுவனத்திடம் கேளுங்கள்.

* நிறுவனத்தின் பெயர், கதவு எண்ணுடன் கூடிய முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எல்லாப் பக்கங்களின் கீழும் இருக்கட்டும். இது நம்பிக்கைக்காக மட்டும் அல்ல. இணைய வணிகத்திற்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இந்தியாவில் இவற்றைத் தந்தே ஆக வேண்டும். புகார்களைக் கவனிக்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் கிடைத்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் நீங்களாகவே இருப்பீர்கள்.

* தொலைபேசி எண்ணைப் படமாகப் போடாதீர்கள். மொபைலில் தொட்டவுடன் டயல் ஆகும்படி லிங்க்காக அமைத்திடச் சொல்லுங்கள்.

* பொருளைத் திருப்பி அனுப்பும் விதிமுறையை நான்கே வரிகளில், பேசும் தமிழில் எழுதுங்கள். எத்தனை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது, பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பவை தெளிவாக இருக்கட்டும்.

* பணம் செலுத்தப் பல வழிகள் தாருங்கள். 2016ல் அறிமுகமான யு.பி.ஐ. முறை இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. கார்டு எண்ணை இமெயிலிலோ போனிலோ எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்தில் வாடிக்கையாளரே தரட்டும்.

7. பொய் அவசரம் வேண்டாம்

"இன்னும் 2 மட்டுமே உள்ளன", "சலுகை முடிய 9 நிமிடங்கள்" என்று தளங்களில் எண்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையிலேயே இரண்டுதான் இருக்கிறது என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். குடோனில் இருநூறு வைத்துக் கொண்டு இப்படிக் கூறுவது ஏமாற்று. இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இது போன்ற 13 ஏமாற்று வழிகள் தடை செய்யப்பட்டுள்ளன. வாடிக்கையாளர் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அவற்றில் ஒன்று. பயந்து வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குவார். நம்பி வாங்குபவர் அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து வருவார்.

8. அளந்து பாருங்கள்

கூகுள் அனலிடிக்ஸ் போன்ற இலவச வசதிகளைத் தளத்துடன் இணைத்தால், எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் வரை சென்றார்கள் என்று அறியலாம். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். மாதம் 1,000 பேர் வருகின்றனர். 400 பேர் ஏதாவது ஒரு பொருளைத் திறக்கின்றனர். 60 பேர் கூடையில் போடுகின்றனர். 10 பேர் வாங்குகின்றனர்.

விளம்பரத்திற்குச் செலவு செய்து 2,000 பேரை வரவழைத்தால் 20 ஆர்டர் கிடைக்கலாம். ஆனால் கூடை வரை வந்த 60 பேரில் 50 பேர் ஏன் திரும்பினார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களில் பத்துப் பேரைத் தக்க வைத்தாலும் அதே 20 ஆர்டர்தான். விளம்பரச் செலவு இல்லை. ஓட்டைப் பானையில் அதிகத் தண்ணீர் ஊற்றுவதை விட ஓட்டையை அடைப்பது மேல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்திடுங்கள். விலையையும் படத்தையும் பட்டனையும் ஒரே நாளில் மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று தெரியாது. ஒரு மாறுதல், இரண்டு மூன்று வாரம் பொறுமை, பின்னர் கணக்கு.

9. பதில் சொல்ல ஆள் வேண்டும்

எல்லாம் செய்த பின்னரும், வந்த கடிதத்தைத் திறக்க ஆள் இல்லை என்றால் வீண்தான். தளத்திலிருந்து வரும் இமெயில், நீங்கள் தினமும் பார்க்கும் முகவரிக்கே வரும்படி அமைத்திடச் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். "இருப்பு இல்லை" என்பதும் ஒரு பதிலே. பதிலே வராததுதான் வாடிக்கையாளரை அவமதிப்பது.

நண்பரின் தளம் என்ன ஆயிற்று?

குத்துவிளக்குப் படம் போயிற்று. விலையும் கூரியர் செலவும் வந்தன. படிவத்தில் ஒன்பது கட்டங்கள் மூன்றாயின. பதினொரு கடிதங்களுக்கும், தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டு அவரே பதில் எழுதினார். ஏழு பேர் பதில் போடவில்லை. மூன்று பேர் வேறு இடத்தில் வாங்கிவிட்டதாக எழுதினர். கல்யாண மண்டபத்துக்காரர் மட்டும், "இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பழையதை மாற்றும்போது கேட்கிறேன்" என்றார். அடுத்த இரண்டு மாதங்களில் புதிதாக ஆறு ஆர்டர்கள் வந்தன. ஆறு பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் தறிக்காரருக்கு ஆறு ஜமுக்காளம் என்பது ஆறு ஜமுக்காளத்திற்கான கூலி.

இன்று இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தளத்தை இதுவரை பார்த்திராத உறவினர் ஒருவரிடம் அவருடைய மொபைலிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறார், எங்கே உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் போய்விடுவது அந்த இடங்களில்தான். நாளைக் காலை அவற்றில் முதலாவதைச் சரி செய்திடுங்கள்.